சாணைக்கல்லும் மனித மூச்சும்

வாளின் கூர்மையைப் புலவர்கள் பலர் பாடியிருக்கிறார்கள். வாளேந்திய மன்னனைப் பாடியவர்கள் அவர்களிலும் பலர். வேலை வடித்த கொல்லனைக்கூடப் புறநானூற்றில் ஒரு புலவர் நினைவு கூர்ந்திருக்கிறார். ஆனால், அந்த வாளையும் வேலையும் தீட்டிய கல்லைப் பற்றியும், தீட்டித் தீட்டித் தேய்ந்து உருக்குலைந்த கல்லை மீண்டும் சமனாக்கியவனைப் பற்றியும் பேசியோர் மிகச் சிலரே. கூர்மையின் வரலாறு எழுதப்பட்டிருக்கிறது; கூர்மைக்குக் கொடுக்கப்பட்ட விலையின் வரலாறு போதிய அளவு எழுதப்படவில்லை. அவ்விலையின் ஒரு பகுதியை இக்கட்டுரையில் நாம் கணக்கிட்டுப் பார்க்க விரும்புகிறோம்.

கல் இரும்பைத் தேய்க்கிறது என்பது யாவரும் அறிந்த செய்தி. இரும்பும் கல்லைத் தேய்க்கிறது என்பதைத் தொழிலாளி மட்டுமே அன்றாடம் உணர்கிறான். உளியைத் தீட்டும் கை, கல்லின் நடுப்பகுதியிலேதான் அதிகமாகச் சென்று வரும். ஆதலால் நடுப்பகுதி குழியும். ஓரங்கள் மேடாக நிற்கும். குழிந்த கல்லிலே தீட்டிய உளியின் வாய் நேராக இராது, வளைந்து போகும். வளைந்த வாயுடைய சீவுளியால் பலகையைச் செம்மையாகச் சீவ முடியாது. கருவியைச் செப்பனிட வந்த கல்லையே செப்பனிட வேண்டியதாகிறது. கல்லை எவ்வாறு சமனாக வைத்திருப்பது என்ற கேள்வி இவ்வாறே பிறக்கிறது. பார்வைக்கு இஃது ஓர் அற்பக் கேள்வி. ஆயினும், ஒரு பெருநகரத்தின் உழைப்பாளர் பல தலைமுறைகளாக இக்கேள்விக்குத் தம் நெஞ்சுக்கூட்டினாலேயே விடை கூறினர்.

முதலில் கைத்தீட்டுக்கல்லை எடுத்துக்கொள்வோம். எல்லாக் கற்களும் ஒரே விதமாகத் தேய்வதில்லை. அமெரிக்காவின் ஆர்க்கன்சோ மாநிலத்தில் அகழ்ந்தெடுக்கப்படும் நெருக்கமான மணியுடைய கல் மிகவும் கடினமானது. எண்ணெயிட்டுத் தீட்டப்படும் அக்கல் ஆண்டுக்கணக்கிற் சிறிதே குழியும். யப்பானியத் தச்சர்கள் விரும்பும் நீர்க்கல் மென்மையானது. அது விரைவாகத் தீட்டும், அவ்வளவு விரைவாகத் தானும் தேயும். எனவே கடினக் கல்லை உடையவன் எப்போதாவது ஒரு முறை அதனைச் சமனாக்கினாற் போதும்; மென்கல்லை உடையவனோ ஏறக்குறைய ஒவ்வொரு முறை தீட்டும்போதும் அதைக் கவனித்தாக வேண்டும். சமனாக்கும் வழிகளும் பல. மட்டமான பாறைத் தளத்தில் மணலும் நீரும் இட்டுத் தேய்ப்பது பழைய வழி. வார்ப்பிரும்புத் தட்டிலோ தடித்த கண்ணாடியிலோ உரைபொடியைத் தூவித் தேய்ப்பது இன்னொரு வழி. வைரத்துகள் பதித்த உருக்குத் தகட்டில் உரைப்பது அண்மைக்கால வழி. கல்லின் முகத்தில் பென்சிலாற் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் இட்டு, அக்கோடுகள் எல்லாம் ஒருங்கே அழியும்வரை தேய்த்தால், குழி ஒழிந்தது என்று அறியலாம்.

ஆனால் இங்கே ஓர் ஐயம் எழும். கல்லைச் சமனாக்கும் அத்தட்டு சமனானது என்பதற்கு என்ன சான்று? இதற்குத் தொழிலாளர் கண்டுபிடித்த விடை கணிதப் பேராசிரியர்களும் வியக்கத்தக்கது. இரண்டு கற்களை ஒன்றோடொன்று உரைத்தால் அவை பொருந்தும், ஆனால் சமனாகா. ஒன்று குவிந்தும் மற்றையது குழிந்தும் பொருந்திவிடக் கூடும். மூன்றாவது கல் ஒன்றைக் கொண்டுவந்து மூன்றையும் மாற்றி மாற்றி உரைத்தாலோ, அந்த ஏமாற்றுக்கு இடமில்லை. குவிந்த கல்லோடு உரைத்த மற்றைய இரண்டும் குழிந்தவையாகும். குழிந்த இரண்டும் தம்முட் பொருந்த மாட்டா. மூன்றும் ஒன்றோடொன்று எவ்வாறு வைத்தாலும் பொருந்த வேண்டுமாயின், மூன்றும் சமனாக இருந்தே தீரவேண்டும். அளவுகோல் எதுவும் இல்லாமல், பிழைபட்ட மூன்று பொருள்களிலிருந்து பிழையற்ற ஒரு தளத்தைப் படைக்கும் வழி இது. இம்முறையை உலோகத் தட்டுகளுக்குப் பயன்படுத்தி, உரைபொடி கொண்டு தேய்ப்பதைக் காட்டிலும் மேடுகளைச் சுரண்டி எடுப்பதே சரியானது என்று யோசப் விற்வேர்த் 1840 ஆம் ஆண்டு கிளாஸ்கோ நகரிற் கூடிய பிரித்தானிய விஞ்ஞான மாநாட்டிற் கட்டுரை வாசித்தார். இலண்டனில் ஹென்றி மோட்ஸ்லேயின் பட்டறையில் வேலை செய்தவர் அவர். அக்காலத்து இயந்திரத் தொழிலின் நுட்பம் அனைத்தும் இத்தகைய சமதளத்தின் மீதே எழுந்தது.

தச்சன் தன் தீட்டுக்கல்லைத் தானே உரிமையாகக் கொண்டவன். எந்தக் கல்லை வாங்குவது, எப்போது சமனாக்குவது, நீர் எவ்வளவு ஊற்றுவது என்பவற்றையெல்லாம் அவனே தீர்மானிக்கிறான். நீரூற்றித் தேய்ப்பதால் தூசி பறப்பதில்லை, சேறாகி வழிந்துவிடுகிறது. அவனுக்கு இது வெறும் தொழில்நுட்பத் தெரிவு. ஆனால் அதே கல் ஆள் உயரத்துக்குப் பருத்து, அச்சிற் கோக்கப்பட்டு, இயந்திரத்தாற் சுழலத் தொடங்கியதும், அதே கேள்வி வேறு கேள்வியாகிவிட்டது. எந்த வழியிற் கல்லைச் சமனாக்குவது என்பதோடு, எழும் தூசியை யார் சுவாசிப்பது என்பதும் கேட்கப்பட வேண்டியதாயிற்று. இந்த மாற்றம் மிகக் கொடூரமாக வெளிப்பட்ட இடம் இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரம்.

ஷெபீல்ட் கத்திகளின் புகழ் பதினான்காம் நூற்றாண்டிலேயே சோசரின் கதையொன்றில் இடம்பெற்றுவிட்டது. 1624 இல் அங்கே கத்தித் தொழிலாளர் சங்கம் பாராளுமன்றச் சட்டத்தினால் அமைக்கப்பட்டது. மலைச்சரிவுகளிலிருந்து இறங்கும் சிற்றாறுகள் பலவும் நீர்ச்சில்லுகளைச் சுழற்றின. போட்டர் ஆற்றின் கரையிலுள்ள சாணைப் பட்டறையொன்று 1584 ஆம் ஆண்டின் ஆவணத்திலேயே குறிப்பிடப்படுகிறது. இன்று அது நூதனசாலையாகப் பேணப்படுகிறது. சாணைக்கல்லுக்கு வேண்டிய மணற்கல் தொலைவிலிருந்து வரவேண்டியதில்லை. அருகிலுள்ள விக்கேர்ஸ்லி என்னும் ஊரின் கற்குழிகள் அதனைத் தந்தன. ஆறும் கல்லும் உருக்கும் ஒருங்கு வாய்த்த இடம் அது. உழைப்பாளியின் ஆயுள் மட்டுமே அங்கே குறுகியிருந்தது.

சாணைத் தொழிலாளி சுழலும் கல்லின் பின்னே, குதிரைமேல் அமர்வதுபோல மரக்கட்டையொன்றின் மீது கால்களை அகல வைத்து அமர்வான். முழங்கைகளை முழங்கால்களில் ஊன்றி, முகத்தைக் கல்லுக்கு நேரே குனிந்து, அலகைக் கல்லின்மீது அழுத்துவான். கல்லின் அடிப்பகுதி தொட்டி நீரில் மூழ்கிச் சுழலுமாயின் அஃது ஈரச்சாணை. மேசைக்கத்திகளும் வாள்களும் பெரும்பாலும் ஈரக்கல்லிலே சாணை பிடிக்கப்பட்டன. முட்கரண்டியும் ஊசியும் உலர்கல்லிலே பிடிக்கப்பட்டன. சவரக்கத்திக்கு இரண்டும் வேண்டியிருந்தன. கல்லிலிருந்து வழியும் மஞ்சட் சேறு தொழிலாளியின் முகத்திலும் உடையிலும் படிந்து காய்ந்திருக்கும். அச்சேற்றைக்கூட முதலாளிகள் வீணாக்கவில்லை. இரும்பை உருக்காக்கும் சூளைகளிலே பெட்டிகளின் வாயை அடைத்துப் பூசுவதற்கு அதுவே பயன்பட்டது. தொழிலாளியின் தொண்டையிற் படிந்த சேற்றுக்கு மட்டும் பயன் காணப்படவில்லை.

ஈரச்சாணையாவது தீங்கற்றது என்று நினைப்போமாயின் அது முழு உண்மையன்று. கற்குழியிலிருந்து வந்த புதுக்கல் சரியான வட்டமாக இராது. அதை அச்சிற் பூட்டியபின், அது வேகமாகச் சுழலும்போது உருக்குச் சலாகையொன்றை அழுத்திப் பிடித்து, புடைத்த இடங்களைச் சீவி எடுக்க வேண்டும். ஷெபீல்ட் தொழிலாளர் இதை ‘றேசிங்’ என்றனர். உலர்ந்த கல்லின்மீது இவ்வேலை நடைபெற்றது. பின்னர் வேலை நடக்க நடக்கக் கல்லின் முகம் மழுங்கும், மேடு பள்ளமாகும். அப்போது கூரிய சுத்தியலாற் கொத்தியோ, இரும்புக் கம்பியைப் பிடித்தோ முகத்தைப் புதுப்பிக்க வேண்டும். சாணை பிடித்தலில் எழும் தூசியைவிட, கல்லைச் செம்மையாக்குதலில் எழும் தூசி அடர்த்தியானது. ஒருவன் தன் கல்லைச் செம்மையாக்கினால் அறை முழுவதும் வெண்மேகம் பரவும். அறையிலுள்ள அத்தனை பேரும் அதைச் சுவாசிப்பர். ஆண்டு முழுவதும் ஈரக்கல்லின்மீது குனிந்திருந்தவனும் இவ்வாறு உலர்தூசியின் பங்கைப் பெற்றான்.

ஆற்றங்கரையிற் பட்டறை இருந்த காலத்தில் இத்தீங்கு ஓரளவு அடங்கியிருந்தது. சிறிய பட்டறை, சில தொழிலாளர், காற்றோட்டமான கூரை. கோடையில் ஆறு வற்றினால் சில்லு நிற்கும். தொழிலாளிக்கும் ஓய்வு கிடைக்கும். 1786 இல் ஷெபீல்ட் நகரில் நீராவியால் இயங்கும் முதலாவது சாணைப் பட்டறை எழுந்தது. நீராவிக்குக் கோடையுமில்லை, வறட்சியுமில்லை. ஆற்றங்கரையை விட்டுத் தொழில் நகரத்தின் நடுவுக்கு வந்தது. தாழ்ந்த கூரையுடைய அறைகளிலே கற்கள் நெருக்கமாக நிறுத்தப்பட்டன. ஆண்டு முழுவதும் சுழன்றன. மனிதனின் உழைப்பைக் குறைக்க வந்த இயந்திரம், அதன் உடைமையாளன் வேறொருவனாக இருந்தமையால், மனிதனின் ஆயுளைக் குறைத்தது.

1830 இல் ஷெபீல்ட் வைத்தியர் ஆர்னல்ட் நைற் இந்நோயைப் பற்றி எழுதினார். ‘சாணைக்காரரின் ஈளை’ என்பதே அதற்கு அந்நகரில் வழங்கிய பெயர். உலர்கல்லில் முட்கரண்டி பிடிப்போர் 28 முதல் 32 வயதுக்குள் இறந்தனர் என்றும், ஈரம் உலர் இரண்டிலும் வேலை செய்யும் சவரக்கத்தித் தொழிலாளர் 40 முதல் 45 வயதுக்குள் இறந்தனர் என்றும், ஈரக்கல்லில் மேசைக்கத்தி பிடிப்போர் 40 முதல் 50 வயதுவரை வாழ்ந்தனர் என்றும் அவர் கணக்கிட்டார். இக்கணக்கைச் சற்று நிதானித்துப் பாருங்கள். ஒரே நகரம், ஒரே உணவு, ஒரே குடியிருப்பு. கல்லின்மீது நீர் இருந்ததா இல்லையா என்பதே ஏறக்குறைய பதினைந்து ஆண்டு வாழ்நாளைத் தீர்மானித்தது. 1843 இல் கல்வேட் ஹொலண்ட் என்ற மற்றொரு வைத்தியர் இதே பொருள்பற்றித் தனி நூலே வெளியிட்டார். 1845 இல் பிரெடெரிக் ஏங்கெல்ஸ், இங்கிலாந்தின் உழைக்கும் வர்க்கத்தின் நிலைமை பற்றிய தமது நூலில் நைற்றின் ஆய்வை எடுத்தாண்டு, உலர்சாணைத் தொழிலாளரின் சராசரி ஆயுள் 35 ஐ எட்டுவதே அரிது என்பதை உலகுக்கு அறிவித்தார்.

அத்தூசி உடலுக்குட் செய்வதை இன்று விஞ்ஞானம் தெளிவாக அறிந்திருக்கிறது. மணற்கல்லின் பெரும்பகுதி குவாட்ஸ் என்னும் படிகச் சிலிக்கா. அதன் மிக நுண்ணிய துகள்கள் நுரையீரலின் கடைசிச் சிற்றறைகள்வரை சென்று விடுகின்றன. உடலைக் காக்கும் கலங்கள் அவற்றை விழுங்குகின்றன. விழுங்கிய கலங்களே அழிந்து போகின்றன. அவ்விடத்தில் தழும்பு விழுகிறது. தழும்பேறிய நுரையீரல் விரிய மாட்டாது. வேலையை விட்டபின்பும் தழும்பு பெருகக் கூடும். இத்தகைய நுரையீரலைக் காசமும் எளிதிற் பற்றும். 1870 இல் இத்தாலிய வைத்தியர் விஸ்கோன்ற்றி இதற்குச் சிலிக்கோசிஸ் என்று பெயரிட்டார். சிலிக்காத் தூசி புற்றுநோயையும் உண்டாக்கும் என்பதைச் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 1997 இல் உறுதிப்படுத்தியது. நோயைத் தடுக்கலாம், நேர்ந்துவிட்ட தழும்பை மாற்றும் மருந்து இல்லை.

தடுப்பதற்கு எவரும் முயலவில்லையா? முயன்றனர். 1820 களின் தொடக்கத்தில் ஷெபீல்டைச் சேர்ந்த ஜே. எச். ஏபிரகாம் என்பவர் காந்தக் கவசமொன்றைச் செய்து, இலண்டன் கலைச் சங்கத்தின் பொற்பதக்கத்தைப் பெற்றார். தொழிலாளியின் முகத்துக்கு முன்னே காந்தங்களை நிறுத்தினால் பறக்கும் இரும்புத் துகள்கள் அவற்றில் ஒட்டிக்கொள்ளும் என்பது அவருடைய எண்ணம். நல்ல உள்ளத்தோடு செய்த முயற்சிதான். ஆனால் காந்தம் இரும்பை இழுக்குமேயன்றிக் கல்லை இழுக்காது. கொல்லும் தூசியோ கல்லின் தூசி. பதக்கம் வழங்கப்பட்டது; மரணம் நிற்கவில்லை.

இன்னொரு வழி உண்மையிலேயே பயனுள்ளதாயிருந்தது. கல்லின் முன்னே மரக்குழாய் ஒன்றை வைத்து, அதன் மறுமுனையில் விசிறியொன்றை அதே இயந்திரத்தாற் சுழற்றினால், தூசி வெளியே இழுத்துச் செல்லப்படும். செலவும் பெரிதன்று. அப்படியிருந்தும் பல பட்டறைகளில் விசிறி பூட்டப்படவில்லை. பூட்டிய சில இடங்களில் அது பழுதாகி வாளாகிடந்தது. சில இடங்களிலே தொழிலாளர் தாமே அதை எதிர்த்தனர், உடைத்தனர் என்றும் சொல்லப்பட்டது. தொழில் ஆபத்தற்றதாகிவிட்டால் ஆட்கள் பெருகுவர். ஆட்கள் பெருகினாற் கூலி வீழும் என்று அவர்கள் அஞ்சினர். ஏங்கெல்சும் இதனைக் குறிப்பிடுகிறார்.

கனவான்கள் இதைக் கேட்டுத் தொழிலாளியின் மூடத்தனம் என்று கூறி ஒதுங்கினர். நாம் அவ்வாறு ஒதுங்க முடியாது. மரணமே தன் கூலியைக் காக்கும் அரண் என்று ஒரு மனிதன் எண்ண நேர்ந்ததென்றால், அவனை அவ்வாறு எண்ண வைத்த சமுதாயத்தின் கணக்கு எத்தகையது? குறுகிய ஆயுளும் சற்று உயர்ந்த கூலியும் ஒரு பக்கம். நீண்ட ஆயுளும் பட்டினியும் மறு பக்கம். இவ்விரண்டைத் தவிர மூன்றாவது வழியொன்று அவன் கண்ணுக்குத் தென்படவில்லை. தெரிவு என்பது சுதந்திரத்தின் அடையாளம் என்கிறார்கள். பட்டினிக்கும் ஈளைக்கும் இடையே ஒன்றைத் தெரிவு செய்வது சுதந்திரமாகாது.

இதற்கு மேலும் ஆழமான காரணமொன்று ஷெபீல்ட் தொழிலின் அமைப்பிலேயே இருந்தது. கட்டடமும் இயந்திரமும் ஒருவனுடையவை. கத்தியைச் செய்விக்கும் வியாபாரி வேறொருவன். சாணைத் தொழிலாளியோ கட்டடத்தில் ஒரு கல் சுழலும் இடத்தை வாடகைக்குப் பெற்று, கல்லையும் தானே வாங்கி, வியாபாரி தரும் அலகுகளை எண்ணிக்கைக் கூலிக்குச் சாணை பிடித்தான். விசிறியை யார் பூட்டுவது? இடத்தை வாடகைக்கு விட்டதோடு தன் கடமை முடிந்தது என்றான் கட்டடக்காரன். பட்டறை தன்னுடையதன்று என்றான் வியாபாரி. எஞ்சியவன் தொழிலாளி ஒருவனே. கல்லைச் செம்மையாக்கும் நேரத்துக்கு அவனுக்குக் கூலியில்லை. அலகு எண்ணிக்கைக்கே கூலி. ஆகவே அவ்வேலையை எவ்வளவு விரைவில் முடிக்கலாமோ அவ்வளவு விரைவில் முடித்தான். விரைவான வழி உலர்ந்த வழி. உலர்ந்த வழி தூசியின் வழி. பெயரளவிலே அவன் எவருக்கும் அடிமையல்லன், தன் கல்லுக்குத் தானே உடைமையாளன். அந்தப் பெயரளவு உடைமையே அவனுடைய மரணத்துக்கு எவரும் பொறுப்பில்லை என்று கூறுவதற்கு வசதியாயிற்று.

1866 ஆம் ஆண்டு ஒக்ரோபரில், ஷெபீல்டில் வாள்சாணைத் தொழிலாளி ஒருவரின் வீடு வெடிமருந்தாற் சிதறடிக்கப்பட்டது. சங்கத்துக்குக் கட்டுப்படாதவர்களின் இயந்திர வார்களை மறைத்து வைப்பது அங்கே நெடுநாள் வழக்கம். அது வன்முறையாக வளர்ந்திருந்தது. அரசாங்கம் துரிதமாக இயங்கியது. 1867 இல் விசாரணையாளர் நகருக்கு வந்தனர். வாள்சாணைத் தொழிலாளர் சங்கச் செயலாளர் வில்லியம் புறோட்ஹெட் தாம் ஆள் அமர்த்திக் குற்றம் செய்வித்ததை ஒப்புக்கொண்டார். அக்குற்றங்களை நாம் நியாயப்படுத்தவில்லை. அவற்றால் உயிரிழந்தோரும் உழைப்பாளரே. ஆயினும் இரண்டு வேகங்களை ஒப்பிட்டுப் பார்க்கும் உரிமை வரலாற்று மாணவனுக்கு உண்டு. வெடிமருந்து வெடித்த மறு ஆண்டே ஆணைக்குழு வந்தது. தூசி கொல்கிறது என்று நைற் எழுதிய பின்னர் முதற் சட்டம் வருவதற்கு 37 ஆண்டுகள் சென்றன. ஓசையின்றிக் கொல்வதனை அரசுகள் கொலையென எண்ணுவதில்லை.

அச்சட்டமும் அதே 1867 ஆம் ஆண்டிலேயே வந்தது. தொழிற்சாலைச் சட்ட விரிவாக்கத்தின்படி, சாணை பிடிக்கும் இடத்தில் தீங்கான அளவிலே தூசி எழுமாயின், விசிறி பூட்டுமாறு பரிசோதகர் பணிக்கலாம். ‘பணிக்கலாம்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். எல்லாப் பட்டறைக்கும் உரிய கட்டாயம் அன்று அது. வந்து பார்க்கவும், தீங்கு என்று கருதவும், பணிக்கவும் ஒரு மனிதர் வேண்டியிருந்தது. பட்டறைகளோ நகரமெங்கும் சிதறிக் கிடந்தன. 1878 இன் சட்டமும் இவ்வேற்பாட்டையே தொடர்ந்தது.

தீர்வு வேறொரு திசையிலிருந்து வந்தது, மாறியது கல்லே. இங்கே நம் மொழிக்கும் ஓர் உறவு உண்டு. தென்னிந்தியாவிற் கிடைக்கும் மிகக் கடினமான கனிமம் ஒன்றைக் குருந்தம் என்று தமிழர் வழங்கினர். அதைப் பொடித்து அரக்கோடு சேர்த்துச் சாணைச் சக்கரம் செய்வது நம் பக்கத்துப் பழைய வழக்கம். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் அக்கனிமம் ஐரோப்பிய அறிஞர் கைக்கு எட்டியது. 1798 இல் சாள்ஸ் கிரெவில் அதைப் பற்றி இலண்டன் றோயல் சங்கத்திற் கட்டுரை படைத்தார். குருந்தம் என்ற சொல்லே கொரண்டம் என்று திரிந்து உலக விஞ்ஞானத்தில் நிலைபெற்றது. 1891 இல் எட்வேட் அச்சிசன் என்ற அமெரிக்கர் களிமண்ணையும் கற்கரியையும் மின்சாரத்தாற் சூடேற்றி மின்னும் படிகங்களைப் பெற்றார். அது காபனும் கொரண்டமும் சேர்ந்த பொருள் என்று கருதி, கார்போரண்டம் என்று பெயரிட்டார். உண்மையில் அது சிலிக்கன் காபைட்டு. பிழையான கருத்தினால் வந்த பெயராயினும், தமிழ்ச்சொல் ஒன்று அதில் ஒட்டிக்கொண்டது. 1895 முதல் நயாகரா நீர்வீழ்ச்சியின் மின்சாரத்தால் அது பெருமளவில் உற்பத்தியாயிற்று. செயற்கை அலுமினியம் ஒட்சைட்டும் அதே காலத்தில் வந்தது.

இச்செயற்கைச் சக்கரம் மணற்கல்லைவிட வேகமாக வெட்டியது, குறைவாகத் தேய்ந்தது, ஆதலால் அடிக்கடி செம்மையாக்க வேண்டியதில்லை. செம்மையாக்கும்போது எழும் தூசியிலும் குவாட்ஸ் மிகக் குறைவு. ஆயினும் முதலாளிகள் அதனை ஏற்றது தொழிலாளியின் நுரையீரலை எண்ணியன்று, வேகத்தை எண்ணியே. எங்கே மணற்கல் மலிவாகத் தோன்றியதோ அங்கே மணற்கல்லே தொடர்ந்தது. 1923 இல் மக்லின், மிடில்ற்றன் ஆகிய இரு அதிகாரிகள் உலோகச் சாணைத் தொழில் பற்றி வெளியிட்ட அறிக்கை, மணற்கல்லுக்கும் நோய்க்குமுள்ள தொடர்பை உறுதிப்படுத்தியது. 1925 இற் கத்தி, கூர்க்கருவிச் சாணைத் தொழிலுக்கென ஒழுங்குவிதிகள் பிறந்தன. தொழிலாளரின் பட்டறைச் சொற்களான றேசிங்கும், கொத்துதலும், கம்பி பிடித்தலும் முறையாக வரையறுக்கப்பட்டு அவ்விதிகளில் ஏறின. கல்லின்மீது போதிய நீர் ஓடும்போதோ, தூசியைப் பற்றும் சாதனம் இருக்கும்போதோ அன்றிக் கல்லைக் கொத்துவதும் கம்பி பிடிப்பதும் ஆகாது என்று விதிக்கப்பட்டது. கல்லைச் சமனாக்கும் வழியைத் தெரிவு செய்யும் பொறுப்பு, தனித் தொழிலாளியின் தலையிலிருந்து இறக்கிச் சட்டத்தின் தலையில் வைக்கப்பட்டது. நைற்றின் கட்டுரைக்கும் இவ்விதிக்கும் இடையே 95 ஆண்டுகள். நீரூற்று என்ற எளிய சொல்லைச் சட்டமாக்க எடுத்த காலம் அது.

செயற்கைச் சக்கரம் வந்ததோடு கதை முடிந்துவிட்டது என்று நாம் மகிழ இயலாது. சாணைச் சக்கரத்திற் சிலிக்கா இல்லாவிட்டாலும், சாணை பிடிக்கப்படும் பொருளே சிலிக்காவாக இருந்தால் தூசி அதே தூசிதான். குஜராத்தின் கம்பாத் நகரிலே அகேற் என்னும் மணிக்கல்லைத் தீட்டி மெருகேற்றுவோர் வீடுகளிலேயே சக்கரம் வைத்து வேலை செய்கின்றனர். அவர்களிடையே சிலிக்கோசிஸ் பரவியிருப்பதை அகமதாபாத்திலுள்ள தேசிய தொழில்சார் சுகாதார நிறுவனம் ஆராய்ந்து வெளிப்படுத்தியிருக்கிறது. அங்கும் வேலை எண்ணிக்கைக் கூலிக்கு; அங்கும் தூசிக்குப் பொறுப்பேற்பவர் இல்லை. நூற்றாண்டுகளும் கடல்களும் குறுக்கே கிடந்தும், ஷெபீல்டின் அமைப்பு அப்படியே அங்கே காட்சி தருகிறது.

செல்வ நாடுகளும் தப்பவில்லை. சமையலறை மேடைகளுக்கெனக் குவாட்ஸ் பொடியைப் பிசினால் இறுக்கிச் செய்யும் செயற்கைப் பலகைகள் பல நாடுகளிற் பரவின. அவற்றுட் பல, பத்தில் ஒன்பது பங்கு வரை சிலிக்காவால் ஆனவை. அவற்றை உலர்ந்த நிலையில் வெட்டியும் உரைத்தும் வந்த இளைஞர்கள் சில ஆண்டுகளிலேயே நுரையீரலை இழந்தனர். அவுஸ்திரேலியத் தொழிற்சங்கங்கள் இதனை எதிர்த்துக் குரல் எழுப்பின. 2024 யூலை முதலாம் நாள் அந்நாடு அப்பலகைகளைத் தயாரிப்பதையும் பயன்படுத்துவதையும் தடை செய்தது. தூசியோடு எவ்வாறு வாழ்வது என்று தொழிலாளிக்குப் போதிப்பதை விடுத்து, கொல்லும் பொருளையே அகற்றியமை இங்கே குறிப்பிடத்தக்கது. ஷெபீல்டின் முட்கரண்டித் தொழிலாளி எதிர்பார்க்கவும் துணியாத மூன்றாவது வழி இதுதான். அவனுக்குக் கிடைக்காதது, ஒன்றுபட்ட குரலால் இவர்களுக்குக் கிடைத்தது.

தம் கையால் உளி தீட்டும் வாசகர்களுக்கு இவ்வரலாறு தரும் நடைமுறைப் பாடம் சிறிது. கல்லை நீரோடு சமனாக்குக. உரைத்த சேற்றைக் காயவிடாது கழுவுக. உலர்ந்த கல்லை விசைச் சக்கரத்திற் காட்டாதிருக்க. மற்றைய பாடம் பெரிது. பொருந்துகின்ற இரண்டு கற்கள் இரண்டுமே கோணலாக இருக்கக் கூடும் என்பதைத் தொழிலாளர் தம் அனுபவத்தால் அறிந்திருந்தனர். கட்டடக்காரனின் கணக்கும் வியாபாரியின் கணக்கும் ஒன்றோடொன்று வெகு அழகாகப் பொருந்தின. அப்பொருத்தத்தையே நீதி என்று நூறாண்டு காலம் சொல்லி வந்தார்கள். மூன்றாவது கல்லாகிய தொழிலாளியின் வாழ்வை அவற்றோடு உரைத்துப் பார்த்தபோதுதான் கோணல் வெளிப்பட்டது. எந்தத் தொழிலின் கணக்கையும் இந்த மூன்றாவது கல்லில் உரைத்துப் பார்ப்பது நம் கடமை. அது பொருந்தாத இடத்திலே, எவ்வளவு மினுங்கினாலும், தளம் இன்னும் சமனாகவில்லை.